இரண்டாம் மாடியில் வகுப்பு, லிஃப்ட் இல்லை: சேர்க்க மறுக்கலாமா?

வணக்கம். சென்னை தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா கேள்வி அனுப்பியிருக்கிறார். முதலில் அதை அப்படியே படித்துவிடுகிறேன்.

"தம்பி, என் மகளுக்கு 20 வயது. மூளை முடக்குவாதம். வாக்கர் பிடித்து நடப்பாள், படி ஏற முடியாது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். கணக்கு எழுதும் வேலைக்குப் போக வேண்டும், அதற்கு டேலி என்ற கணக்கு மென்பொருள் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். வண்ணாரப்பேட்டையில் ஒரு தனியார் பயிற்சி மையத்துக்குப் போனோம். வகுப்பு இரண்டாம் மாடியில், லிஃப்ட் இல்லை, பிள்ளையை ஏன் சிரமப்படுத்துகிறீர்கள், வீட்டிலிருந்தே ஏதாவது கற்றுக்கொள்ளட்டும் என்றார்கள். நான் கெஞ்சியதும், வேண்டுமானால் பையன்கள் தூக்கிக்கொண்டு போய் விடுவார்கள் என்றார்கள். மகள் அதற்கு ஒப்பவில்லை. 55 சதவீதக் குறைபாடு என்று மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை வைத்திருக்கிறாள். இப்படி மறுக்கலாமா? வேறு எங்கே சேர்க்கலாம்?"

அம்மா, இப்படி மறுக்கக் கூடாது. சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் மகள் ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றிப் பேச வேண்டும். அவள் பிடிவாதம் பிடிக்கிறாளோ என்ற வருத்தம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. பிடிவாதம் இல்லை அம்மா. அவள் சொன்னதுதான் சரி.

தூக்கி விடுகிறோம் என்பதை உதவி என்று பலர் மனதார நம்புகிறார்கள். நானும் சக்கர நாற்காலியில் இருப்பவன். என்னையும் தூக்கியிருக்கிறார்கள். ஒருவர் அக்குளில் கை கொடுப்பார், ஒருவர் முழங்காலுக்குக் கீழே பிடிப்பார், படி திரும்பும் இடத்தில் யாருக்காவது பிடி நழுவும். விழுந்தால் அடி எனக்கு. அது ஒரு பக்கம். 20 வயதுப் பெண்ணை, முன்பின் தெரியாத ஆண்கள், தினமும் இரண்டு வேளை தொட்டுத் தூக்குவதை எந்தப் பெண் ஏற்பாள்? மேலே கொண்டுபோய் உட்கார வைத்த பிறகு கழிப்பறைக்கு என்ன வழி? பழைய கட்டடங்களில் கழிப்பறை பெரும்பாலும் படிக்கட்டுத் திருப்பத்தில், ஒரு முழ அகலக் கதவோடு இருக்கும். வாக்கர் உள்ளே நுழையாது. அதனால் எத்தனையோ பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், சிறுநீர்த் தொற்று வந்து படிப்பைப் பாதியில் விட்டவர்களும் உண்டு. மாடியில் தீப்பிடித்தால் தூக்குகிற பையன்கள் முதலில் இறங்கி ஓடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, உயிர் பயம். எனவே தூக்குவது ஏற்பாடு ஆகாது. அவள் தன் காலில், தன் வாக்கரில், தன் நேரத்துக்குப் போய்வர வேண்டும்.

இப்போது சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995-இல் வந்த பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. உங்கள் மகளின் மூளை முடக்குவாதம் இதில் தெளிவாக இருக்கிறது.

இந்தச் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் பொதுக் கட்டடம் என்றால் என்ன என்று ஒரு வரையறை கொடுத்திருக்கிறார்கள். அரசுக் கட்டடம் மட்டும் இல்லை. பொதுமக்கள் வந்துபோகிற தனியார் கட்டடமும் அதில் அடக்கம். கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் பயன்படும் கட்டடம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். ஆகவே இது எங்கள் சொந்த இடம், எங்கள் இஷ்டம் என்று அந்த மையம் சொல்ல முடியாது. 45-ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லோரும் அணுகக்கூடியதாக மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது.

பிறகு ஏன் ஊர் முழுக்கப் படிக்கட்டாகவே இருக்கிறது என்று கேட்பீர்கள். கட்டடங்களுக்கான தர அளவுகளை மத்திய அரசின் விதி வெறும் பரிந்துரை போல வைத்திருந்தது ஒரு பெரிய காரணம். ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்ற ஒருவர் 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதைத்தான் தொட்டது. அந்த விதி சட்டத்துக்கே முரணானது, கட்டாயம் பின்பற்ற வேண்டிய அளவுகளைப் பிரித்து விதியாகக் கொண்டுவாருங்கள் என்று தீர்ப்பளித்தது. ஒரு மனிதர் கிட்டத்தட்ட இருபது ஆண்டு விடாமல் நின்று வாங்கிக் கொடுத்த தீர்ப்பு அது. மனம் சோரும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

இதைவிட உங்களுக்கு உடனே உதவக்கூடியது இன்னொன்று. ஒருவருடைய தேவைக்கு ஏற்ற நியாயமான ஏற்பாட்டைச் செய்து தர மறுப்பதையே பாகுபாடு என்று இந்தச் சட்டம் வரையறுக்கிறது. நியாயமான என்பதற்கு ஓர் எல்லையும் உண்டு. செய்து தருபவருக்கு அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக் கூடாது. இந்த எல்லையை மனதில் வைத்துத்தான் நீங்கள் கேட்க வேண்டும். வாடகைக் கட்டடத்தில் மையம் நடத்துபவரிடம் லிஃப்ட் போடுங்கள் என்று கேட்டால், செலவு, கட்டட உரிமையாளர் அனுமதி என்று ஆயிரம் காரணம் சொல்வார். அதில் ஒன்றிரண்டு உண்மையாகவும் இருக்கும். ஆகவே முதல் கடிதத்தில் லிஃப்டைக் கேட்காதீர்கள். தரைத்தளத்தில் ஓர் அறையைக் கேளுங்கள். டேலி வகுப்புக்குத் தேவை சில கணினிகளும் மேசைகளும்தான். அவள் சேரும் ஒரு பிரிவை மட்டும் கீழே நடத்தலாம். கீழே வரவேற்பு அறை இருக்கும், கட்டணம் வாங்கும் மேசை இருக்கும். அவற்றை மேலே மாற்றிவிட்டு அந்த இடத்தில் வகுப்பு நடத்தினால் சுமை என்று யாரும் சொல்ல முடியாது. வாசலில் ஒரு படி இருந்தால் சாய்தளம் கேளுங்கள். அது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். நம் பகுதியில் பல கடைகளில் போட்டிருப்பதுபோல் மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்கான செங்குத்துப் பலகை உதவாது, வாக்கர் பின்னால் சரியும்.

இதையெல்லாம் வாயால் பேசாதீர்கள் அம்மா. எழுதிக் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம். மகள் பெயரில், அவள் கையெழுத்தோடு போகட்டும், அவளுக்கு வயது வந்துவிட்டது. "நான் உங்கள் டேலி பயிற்சியில் சேர விண்ணப்பிக்கிறேன். என்னால் படி ஏற இயலாது என்பதால், 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தரைத்தளத்தில் வகுப்பும் பயன்படுத்தத்தக்க கழிப்பறையும் ஏற்பாடு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இயலாது என்றால் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும்." இவ்வளவு போதும். அடையாள அட்டையின் நகலை இணைத்து, பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். நேரில் சுலபமாக முடியாது என்று சொல்லிவிடுகிறவர்கள் அதையே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கத் தயங்குவார்கள். பல இடங்களில் இந்தக் கட்டத்திலேயே கீழே ஓர் அறை கிடைத்துவிடும்.

பதினைந்து நாள் பொறுத்துப் பாருங்கள். பதில் வராவிட்டாலோ, முடியாது என்று வந்தாலோ, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் புகார் எழுதுங்கள். அலுவலகம் காமராஜர் சாலையில் லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. ஆட்களை வரவழைத்து விசாரிப்பதில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் ஆணையருக்கும் உண்டு. வழக்கறிஞர் வைத்துத்தான் போக வேண்டும் என்பதில்லை. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 89-ஆம் பிரிவு சொல்கிறது. கடிதத்தில் அபராதத்தைக் குறிப்பிட்டு மிரட்ட வேண்டாம். அவர்கள் படித்துத் தெரிந்துகொள்வார்கள்.

வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளட்டும் என்ற பேச்சு எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. இணைய வகுப்பு வேண்டும் என்று உங்கள் மகள் கேட்டால் தாராளமாகச் சேரட்டும். ஆனால் அவளை வெளியே நிறுத்துவதற்கு அது சாக்காகக் கூடாது. பயிற்சி மையத்தில் பாடம் மட்டுமா கிடைக்கிறது? எந்தத் தணிக்கையாளர் அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி பக்கத்து மேசைத் தோழியிடமிருந்துதான் வரும்.

சரி, வேறு எங்கே சேர்க்கலாம்? கிண்டி தொழிற்பேட்டையில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. முன்பு தொழில் மறுவாழ்வு மையம் என்ற பெயரில் இருந்தது, பெரியவர்கள் பலர் இன்னமும் வி.ஆர்.சி. என்றே சொல்வார்கள். என்ன வேலை ஒத்துவரும் என்று மதிப்பீடு செய்வார்கள், பயிற்சியும் உண்டு, வேலைக்கும் பதிவு செய்துகொள்வார்கள். கட்டணம் கிடையாது. உங்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் இதுதான். அரசு ஐ.டி.ஐ.களில் கணினி இயக்குபவர் பிரிவு ஓராண்டுப் படிப்பு, உட்கார்ந்து செய்யும் வேலை. அதற்கும் விண்ணப்பியுங்கள், ஆனால் சேருவதற்கு முன் வகுப்பறை எந்தத் தளத்தில் என்று நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, நல்ல நிறுவனம். ஆனால் தண்டையார்பேட்டையிலிருந்து தினமும் போய்வர முடியாது.

கிண்டி, முட்டுக்காடு என்று நான் சொல்லும் ஊர்களைக் கவனித்தீர்களா? இரண்டும் நகரத்தின் தெற்கில்தான். கொருக்குப்பேட்டையிலும் காசிமேட்டிலும் எண்ணூரிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு மையம் கேட்பது பேராசை இல்லை. அதைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம், நீங்களும் சேர்ந்து கேளுங்கள்.

கிண்டி தூரம்தான், ஆனாலும் வழி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு, தண்டையார்பேட்டையில் ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம். நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது, எல்லா வாயிலிலும் இருக்காது, எந்தப் பக்கம் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிண்டியில் இறங்கியதும் ஆட்டோ வேண்டும். பேருந்து என்றால், 2025 ஜூன் 30-ஆம் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவற்றில் ஓட்டுநர் வண்டியை இடப்பக்கமாகத் தாழ்த்துவார், கதவருகே மடித்து வைத்திருக்கும் பலகையை வெளியே விரித்தால் அதன் மேல் ஏறிக்கொள்ளலாம். ஆனால் நிறுத்தத்தில் கார்களை நிறுத்திவிடுகிறார்கள். பேருந்து நடுச்சாலையில் நிற்கிறது, பலகை நடைபாதையில் படியாமல் சாலையில் விழுகிறது, சரிவு கூடிவிடுகிறது. பேருந்து வாங்கினால் மட்டும் போதாது, நிறுத்தத்தையும் காலியாக வைக்க வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் உங்கள் மகளுக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை.

வீட்டு வாசலிலிருந்து நிலையம் வரையுள்ள தூரம்தான் உண்மையில் கடினமானது. உடைந்த நடைபாதை, திறந்த மழைநீர் வடிகால், கன்டெய்னர் லாரிகள். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தம் 2025-இல் சட்டப்பேரவையில் நிறைவேறியிருக்கிறது. இனி இந்தப் புகார்களை அந்த உறுப்பினர்களிடமும் கொண்டுபோகலாம்.

அட்டையில் 55 சதவீதம் போதுமா என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும். போதும். 40 சதவீதம் இருந்தால் அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. டேலி படித்துக்கொண்டே டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கும் தயாராகட்டும். தேர்வுக் கட்டணம் இல்லை, வயது வரம்பிலும் தளர்வு உண்டு. எழுதும் வேகம் குறைவு என்றால் எழுதுபவரையும் கூடுதல் நேரத்தையும் கேட்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு நடக்கிறது. 40 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களும் மனம் தளர வேண்டாம். 2021-இல் விகாஷ் குமார் வழக்கில், எழுதும்போது கைத்தசை இறுகிக்கொள்ளும் குறைபாடு உள்ள ஒருவருக்கு, 40 சதவீதச் சான்று இல்லாமலேயே எழுதுபவரைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இடஒதுக்கீட்டுக்கு அந்த எண் வேண்டும், நியாயமான ஏற்பாட்டைக் கேட்பதற்கு அந்த எண் தேவையில்லை.

அம்மா, கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள், கிண்டியில் பதிவு செய்வதையும் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். மையத்திலிருந்து என்ன பதில் வந்தாலும் அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஆணையருக்கு எழுத வேண்டிய நிலை வந்தால், புகாரை உங்கள் மகளோடு உட்கார்ந்து நானே எழுதித் தருகிறேன்.