கை விறைத்தால் நரம்பைப் பார்க்கலாம்

வாசிகசாலைக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்காவிலிருந்து வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்தார். அந்த யாழ்ப்பாணத்தில் நரம்பை ஸ்கானில் பார்ப்பதைப் பற்றித் தமிழில் பேசுவது எனக்குப் பெரிய சந்தோசம்.

தையல் வேலை செய்யும் அம்மா ஒருவர் வந்தார். "இரவிலை கை விறைச்சு முழிப்பு வருது டொக்டர், உதறினாத்தான் அடங்குது" என்றார். வாதம் என்று நினைத்து ஒரு வருடமாக எண்ணெய் பூசியிருக்கிறார். எந்த விரல் என்று கேட்டேன். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். சின்னவிரலில் ஒன்றுமில்லை. பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்: மணிக்கட்டுச் சுரங்கம் என்கிற ஒடுக்கமான வழிக்குள், அந்த விரல்களுக்குப் போகும் மீடியன் நரம்பு நெரிபடுகிறது. சின்னவிரல் விறைத்தால் முழங்கைக்குப் பின்னால் ஓடும் அல்னர் நரம்பைத் தேடியிருப்பேன்.

ஜெல் பூசி ஸ்கான் கருவியை வைத்தேன். வயிற்றில் பிள்ளையைப் பார்க்கிற அதே ஒலி அலைதான். நரம்பு தோலுக்குக் கிட்ட இருப்பதால் 12, 18 மெகாஹேர்ட்ஸ் என்று அதிர்வெண்ணைக் கூட்டுவோம். குறுக்காகப் பார்த்தால் நரம்பு தேன்கூடு மாதிரி, கறுப்புப் புள்ளிகளும் சுற்றிலும் வெள்ளைக் கோடுகளுமாகத் தெரியும். பக்கத்தில் விரலை இழுக்கும் கயிறு மாதிரித் தசைநாண்கள் கிடக்கும். விரலை மடக்கச் சொன்னால் அவை சறுக்கி ஓடும், நரம்பு அவ்வளவு அசையாது. அந்த அம்மாவின் நரம்பின் குறுக்குப் பரப்பு, சுரங்கத்தின் வாசலில் 16 சதுர மில்லிமீற்றர். வழக்கமாக 10க்குள் இருக்கும். அதாவது நரம்பு வீங்கியிருந்தது.

மின் பரிசோதனை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். நரம்பு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அதுதான் சொல்லும். ஆனால் அமுக்குவது நீர்க்கட்டியா, நரம்பே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறதா என்பதை ஸ்கானில்தான் காணலாம். முழங்கையை மடக்கும்போது அல்னர் நரம்பு எலும்பைத் தாண்டிக் குதிப்பதைக்கூடக் கண்ணால் பார்க்கலாம். முழங்கைக்கு மேலே அது தடித்திருந்தால் தொழுநோயையும் நினைக்க வேண்டும். அதற்கு நல்ல மருந்து இருக்கிறது, ஒளிக்காதீர்கள். ஸ்கான் சரியாக இருந்தாலும் நோய் இல்லையென்று அடித்துச் சொல்ல முடியாது, அதுவும் உண்மை.

நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். பெருவிரல் அடியிலுள்ள தசை வற்றும்வரை பொறுத்திருக்காதீர்கள். வற்றியது முழுதாகத் திரும்புவது கடினம். அந்த அம்மாவுக்கு அது வற்றியிருக்கவில்லை. இரவில் மணிக்கட்டுப் பட்டி போட்டு இப்போது நித்திரை கொள்கிறார்.

சரி, கருவி மேசையில் இருக்கிறது. முன்வரிசைத் தம்பி, வாங்கோ, உள்ளங்கை மேலே தெரியக் கையை வையுங்கோ.