மார்கழிப் பனியில் வாட்டர்கலர்: செவ்வாய்ப்பேட்டை மொட்டைமாடியிலிருந்து

வணக்கம் மக்களே. குரல் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நண்பர் வீட்டு மொட்டைமாடி இது. மணி ஏழு ஆகப்போகிறது, கீழே வெள்ளிப் பட்டறைகள் இன்னும் திறக்கவில்லை. கேமராவை வடக்கே திருப்புகிறேன், பாருங்கள். தண்ணீர்த் தொட்டிகள், தகரக் கூரைகள், கேபிள் வயர், அதற்குப் பின்னால் சேர்வராயன் மலை. அடிவாரத்தையே காணோம், உச்சி மட்டும் தெரிகிறது. இன்றைக்கு வரையப்போவது இதைத்தான்.

குளிர் நாடுகளில் வெளியே உட்கார்ந்து வரைபவர்களுக்குக் கிண்ணத்துத் தண்ணீரே உறைந்துவிடும். அதற்காகச் சிலர் அதில் கொஞ்சம் வோட்கா கலப்பார்கள். நமக்கு அந்தக் கவலை கிடையாது. தவிர, காலங்காத்தாலே நான் இங்கே பாட்டிலைத் திறந்தால் நண்பரின் அம்மா சும்மா விடமாட்டார். நம் தொல்லை ஈரம். காற்றே ஈரமாக இருக்கும்போது பேப்பரில் இருக்கும் தண்ணீர் எங்கே போகும்?

ஏற்காட்டில் இன்னும் மோசம். சுமார் 1500 மீட்டர் உயரம், டிசம்பரில் மேகமே மடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்குள்ள லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து சேலம் நகரத்தை வரைய ஆசையா? ஒரே வாஷில், அதாவது தண்ணீராகக் கரைத்த நிறத்தை ஒரே பூச்சாகப் பரப்பி முடிகிற படமாக யோசித்துக்கொண்டு மலையேறுங்கள். இரண்டாவது லேயர் அங்கே பேராசை.

கீழே வேறு கணக்கு. வெயில் வரும்வரை எதுவும் காயாது, வந்ததும் மளமளவென்று காயும். அதனால் ஈரம் வேண்டிய வேலையை இப்போதே முடித்துவிட வேண்டும். 300 ஜிஎஸ்எம் காட்டன் பேப்பர், அதாவது நல்ல தடிமனானது, நன்றாக நனைத்தாயிற்று. அல்ட்ராமரின் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா பழுப்பு சேர்த்தால் இந்தப் பனிச் சாம்பல் வந்துவிடும், கறுப்பு வேண்டாம். உச்சியில் நிறத்தை வைத்து, கீழே வெறும் தண்ணீர் பிரஷால் இழுக்கிறேன். பாருங்கள், மலையின் அடி தானே கரைகிறது. அட்டையின் கீழ் விளிம்பில் தேங்கும் சொட்டை டிஷ்யூவால் ஒற்றிவிடுங்கள். விட்டால் அது மேலே ஏறி வந்து காலிஃபிளவர் போல விரியும்.

இனி அவசரம் ஆகாது. காய்ந்துவிட்டதா என்று புறங்கையை வைத்துப் பார்ப்போம் இல்லையா, சில்லென்று இருந்தால் ஈரம் என்று? மார்கழியில் அது ஏமாற்றும், எல்லாமே சில்லென்றுதான் இருக்கிறது. பேப்பரைக் கண் மட்டத்துக்குத் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு போன பிறகும் உள்ளே ஈரம் இருக்கும், அந்த நேரத்தில் பிரஷ் வைப்பதுதான் பெரிய ஆபத்து. நான் டீ குடிக்கப் போகிறேன்.

சரி, வெயில் வந்துவிட்டது. வடக்கே பார்த்து நிற்பதால் சூரியன் என் வலது தோளுக்குப் பின்னால். பேப்பர் மேல் என் நிழல் விழும்படி நகர்ந்துகொள்கிறேன். நேர் வெயிலில் வெள்ளைப் பேப்பர் கண்ணைக் கூசும், நாமும் நிறத்தை அழுத்திவிடுவோம், வீட்டுக்குள் கொண்டுபோனால் படம் இருட்டாகத் தெரியும்.

இப்போதுதான் கட்டடங்கள். இந்த மாதத்தில் சூரியன் தாழ்வாக வருவதால் தொட்டிகளின் நிழல் பக்கத்து மாடிவரை நீள்கிறது. கட்டடத்தை விட்டுவிட்டு முதலில் அந்த நிழல்களைப் போடுகிறேன், அரை மணியில் இடம் மாறிவிடும். வயர்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அவை எங்கேயும் போகாது.