பாராட்டுக்குப் பின்னால் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

இணையக் குழு ஒன்றில் ஒருவர் கேட்கிறார்: "முதுகு வலிக்காமல் உட்கார எந்த நாற்காலி நல்லது?" நாலே நிமிடத்தில் பதில் வந்துவிடுகிறது. நிறுவனத்தின் முழுப்பெயர், மாடல் எண், வாங்குவதற்கான இணைப்பு எல்லாம் அதில் உண்டு. கேட்டவர் உடனே நன்றி சொல்கிறார். இருவரும் கணக்குத் தொடங்கியது ஒரே வாரத்தில். இரண்டையும் ஒரே கைதான் எழுதியதோ என்று சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பிடித்த பொருளை யாரும் புகழலாம். விற்பவரோடு இருக்கும் தொடர்பை மறைப்பதுதான் தவறு. பணம் வாங்கினால்தான் தொடர்பு என்றில்லை. இலவசமாக வந்த பொருளும் கணக்கில் சேரும். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் இதைச் சொல்கின்றன. விளம்பரம் என்ற அறிவிப்பு எடுத்த எடுப்பிலேயே கண்ணில் பட வேண்டும். 'மேலும் படிக்க' என்பதற்குக் கீழே பதுங்கிக் கிடந்தால் யார் பார்ப்பார்கள்?

இணைப்பைத் திறக்கும் முன் அதைப் படித்துப் பாருங்கள். கைப்பேசியில் அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் முழு முகவரியும் தெரியும். கேள்விக்குறிக்குப் பின்னால் 'டேக்', 'ரெஃப்', 'அஃப்' போன்ற சொல்லும், அதையடுத்து ஒரு பெயரோ எண்ணோ இருந்தால், நீங்கள் வாங்கும்போது யாருக்கோ கமிஷன் போக வாய்ப்புண்டு. 'யுடிஎம்' என்று இருந்தால் அவசரப்படாதீர்கள். நீங்கள் எந்த வழியாக வந்தீர்கள் என்று கணக்கெடுக்கும் குறி அது. நகலெடுத்து ஒட்டியவருக்கே தெரியாமல் கூடவே வந்திருக்கலாம். கேள்விக்குறியிலிருந்து அழித்துவிட்டுத் திறந்தாலும் அநேகமாக அதே பக்கம்தான் வரும். சில தளங்களில் பொருளின் அடையாள எண்ணே அங்கேதான் இருக்கும், அப்போது இது பலிக்காது.

இன்னொரு தந்திரம் எளிதில் பிடிபடாது. முதலில் இணைப்பே இல்லாத நல்ல பதில் ஒன்றை எழுதுவார்கள். குழுவின் நம்பிக்கையைப் பெற்று, சில வாரம் கழித்து, அதையே திருத்தி இணைப்பைச் செருகிவிடுவார்கள். 'திருத்தப்பட்டது' என்ற குறியையும் தேதியையும் கவனியுங்கள். புகழுரையிலிருந்து ஆறேழு சொற்களை அப்படியே எடுத்து, இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடியும் பாருங்கள். அதே வரி வேறு பெயர்களில் வேறு இடங்களிலும் கிடைத்தால், அதைவிட வலுவான தடயம் அரிது.

ஆனாலும் ஒரே ஓர் அடையாளத்தை வைத்து யாரையும் குற்றம் சாட்டிவிடாதீர்கள். புதிதாக வந்தவரின் முதல் பதிவு ஒரு பொருளைப் பற்றி இருப்பது இயல்பு. சிக்கல் வந்த பிறகுதானே பலரும் குழுவைத் தேடி வருகிறார்கள்! பொய்ப்பழி விழுந்தால் உண்மையாகப் பயன்படுத்தியவர் மனம் நொந்து போய்விடுவார், அவருடைய அனுபவமும் நமக்குக் கிடைக்காது. எனவே மரியாதையாகக் கேளுங்கள்: "எத்தனை மாதமாக வைத்திருக்கிறீர்கள்? முதலில் தேய்ந்தது எது? விற்பவரோடு உங்களுக்குத் தொடர்பு உண்டா?" பயன்படுத்தியவர் குறையையும் சேர்த்தே சொல்வார். விற்க வந்தவர் பெரும்பாலும் சுற்றிச் சுற்றி அந்த இணைப்புக்கே வருவார்.

சந்தேகம் வலுத்தால் பதிவின் கீழே சண்டை போடாதீர்கள். பல தளங்களில் ஒவ்வொரு மறுமொழியும் பதிவை மேலே தூக்கிவிடும். தேதியும் கணக்கின் பெயரும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நிர்வாகிக்கு அனுப்புங்கள். நிர்வாகிகளுக்கு என் யோசனை: முதலில் இணைப்பை மட்டும் நீக்குங்கள். தொடர்பு உண்டா என்று கேட்டு, பதில் சொல்ல ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். ஒப்புக்கொண்டால் பதிவின் தலையிலேயே 'விளம்பரம்' என்று எழுதச் சொல்லுங்கள். மௌனம் சாதித்தால் பதிவை எடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.