53 பரிந்துரை, ஒரு விருதுகூட இல்லை: எம்மியில் இது எப்படி நடந்தது?

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கொடுக்கும் எம்மி விருதைப் பற்றி ஒரு தம்பி கேட்டது: "'பெட்டர் கால் சால்' தொடருக்கு எம்மியில் 53 பரிந்துரை வந்தும் ஒரு விருதுகூடக் கிடைக்கவில்லையே, எப்படி அண்ணா?"

எனக்கும் இது ஆறாத விஷயம்தான் தம்பி. எம்மியில் பொதுமக்கள் ஓட்டுப் போடுவதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி அகாடமியின் உறுப்பினர்கள், 20,000 பேருக்கு மேல், அவர்கள்தான் போடுகிறார்கள். எல்லோரும் அந்தத் தொழிலில் இருப்பவர்கள். நடிகர்களை நடிகர்கள் பரிந்துரைப்பார்கள், எழுத்தாளர்களை எழுத்தாளர்கள்.

பரிந்துரைச் சுற்றில் ஒருவர் பல பெயர்களை டிக் செய்யலாம். இறுதிச் சுற்றில் ஒன்றே ஒன்றுதான். எட்டுத் தொடர்கள் போட்டியிட்டால், கால்வாசி ஓட்டு வாங்கியதுகூட ஜெயித்துவிடலாம். எல்லோருக்கும் பிடித்து, யாருக்கும் முதலிடமாக இல்லாத தொடர் வருஷா வருஷம் பட்டியலில் இருக்கும், மேடை மட்டும் ஏறாது. இந்தத் தொடர் மாட்டிக்கொண்டது அங்கேதான் என்று நினைக்கிறேன். இதே குழுவின் 'பிரேக்கிங் பேட்' 2013, 2014 இரண்டு வருஷமும் சிறந்த டிராமா விருதை வாங்கியது. அதனால் இவர்களை அகாடமிக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது.

அப்புறம், எதிரே நின்றவர்களைப் பாருங்கள். சிறந்த டிராமாவுக்கு ஏழு முறை போட்டியிட்டது. ஜெயித்தவை: மூன்று முறை 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்', மூன்று முறை 'சக்செஷன்', 2017-இல் 'த ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்'. ஆறு சீசன்தானே, ஏழு முறை எப்படி என்று கேட்பீர்கள். எம்மியின் கணக்கு ஜூன் 1 முதல் மே 31 வரை. கடைசி சீசனில் ஏழு எபிசோடுகள் 2022 மே மாதத்துக்குள் வந்துவிட்டன, மீதி ஆறு ஜூலையில் தொடங்கின. அதனால் அடுத்த ஆண்டும் ஒரு வாய்ப்பு. ஹாலிவுட் எழுத்தாளர்கள், நடிகர்களின் வேலைநிறுத்தங்களால் அந்த விழா 2024 ஜனவரி 15-க்குத் தள்ளிப்போனது. அன்றும் வெறுங்கைதான்.

நாயகன் பாப் ஓடன்கிர்க்குக்கு மட்டும் சிறந்த நடிகர் பரிந்துரை ஆறு முறை. கடைசி சீசன் படப்பிடிப்பில் அவருக்கு மாரடைப்பே வந்தது, தேறி வந்து முடித்துக் கொடுத்தார். முதல் எபிசோடின் தொடக்கத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு பேக்கரி, மாவை உருட்டுகிற கைகள். தூரத்தில் ஒருவர் முறைத்துப் பார்க்கிறார். ஓடன்கிர்க்கின் முகத்தில் பயம் மெல்ல ஏறுகிறது, வாயைத் திறந்து ஒரு சொல் பேசுவதில்லை.