அதிபர் யாரை நீக்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் நிர்வாக அதிகாரம் முழுவதும் அதிபர் ஒருவருக்கே உரியது, ஆகவே அரசின் எந்த உயர் அதிகாரியையும் அவர் நீக்கலாம் என்று பழமைவாதச் சட்ட அறிஞர்கள் வாதிடுகிறார்கள். இன்று அந்த வாதத்தின் வலுவையும் ஓட்டையையும் பார்க்கலாம்.

அரசியல் சாசனத்தின் இரண்டாம் பிரிவு, நிர்வாக அதிகாரத்தை அதிபரிடம் ஒப்படைக்கும் வாக்கியத்தோடு தொடங்குகிறது. ஆங்கில மூலத்தில் 15 சொற்கள்தான். உயர் அதிகாரிகளை விசாரிக்கும் சுயேச்சை வழக்கறிஞரை நீக்கக் கட்டுப்பாடு வைக்கும் சட்டம் செல்லுமா என்ற 1988இன் மாரிசன் எதிர் ஓல்சன் வழக்கில், செல்லும் என்று ஏழு நீதிபதிகள் ஒருபுறம் நிற்க, நீதிபதி ஸ்காலியா மட்டும் மாறுபட்டார். அதிபருக்குத் தரப்பட்டிருப்பது அந்த அதிகாரத்தில் ஒரு பங்கு அல்ல, முழுவதும் என்பது அவர் வாதம். அன்று தோற்றுப்போன அந்த வாதம் இன்று உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மையின் கருத்து.

இத்தகைய தீர்ப்பு ஒன்று கையில் கிடைத்தால், பதவிக்காலம் எவ்வளவு, தலைமை ஒருவரா குழுவா, என்ன காரணத்துக்கு நீக்கலாம் என்பதை முதலில் பாருங்கள். உதாரணமாக, கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தில் 5 உறுப்பினர்கள். 7 ஆண்டுப் பதவி. ஒரே கட்சியினர் மூவருக்கு மேல் கூடாது. திறமையின்மை, கடமை தவறுதல், முறைகேடு ஆகிய காரணங்களுக்கு மட்டுமே நீக்கலாம் என்கிறது சட்டம். அதிபர் ரூஸ்வெல்ட் 1933இல் கொள்கை ஒத்துவரவில்லை என்று ஹம்ப்ரி என்ற உறுப்பினரை நீக்கினார். ஹம்ப்ரி இறந்தபின் அவர் சொத்தை நிர்வகித்தவர் சம்பள பாக்கி கேட்டுத் தொடுத்த வழக்கில், 1935இல் நீதிமன்றம் ஒருமனதாக அதிபருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2020இல் செய்லா லா என்ற சட்ட நிறுவனத்தின் வழக்கில் காற்று திசை மாறியது. நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்புக்கு 5 ஆண்டுப் பதவியில் ஒரே இயக்குநர். அதிபர் நினைத்தபடி நீக்க முடியாதவாறு அவருக்கு இருந்த பாதுகாப்பு 5-4 என்ற கணக்கில் போனது. அமைப்பே கலைந்துவிட்டதாகப் பலர் எண்ணினார்கள். இல்லை, நீதிமன்றம் வெட்டி எடுத்தது அந்த ஒரு விதியை மட்டும்தான்.

ஆனால் அதிபரின் கை எல்லாப் பக்கமும் நீண்டுவிடவில்லை. அதிகாரிகள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது ஒரு கேள்வி. அதிபர் செய்ய நினைப்பதற்குச் சட்டத்தில் இடமுண்டா என்பது வேறு கேள்வி. இதே நீதிமன்றம்தான் 2023இல், சுமார் 40,000 கோடி டாலர் மாணவர் கடனைத் தள்ளுபடி செய்ய பைடனுக்குச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று 6-3 கணக்கில் சொன்னது.

வாதத்தின் பலவீனம் வரலாற்றில் இருக்கிறது. சாசனம் எழுந்த காலத்துப் பொருளே இன்றும் பொருள் என்பவர்கள் 1789இன் முதல் காங்கிரஸை, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தை, சான்று காட்டுவார்கள். வெளியுறவுத் துறைச் செயலரை நீக்குவது யார் என்று அங்கே நாள்கணக்கில் விவாதித்தும் ஒருமித்த கருத்து பிறக்கவில்லை. செனட்டில் வாக்குகள் சமமாக, துணை அதிபர் ஜான் ஆடம்ஸின் வாக்கால்தான் அதிபருக்குச் சாதகமாக முடிவானது. இவ்வளவு மெல்லிய சான்றின் மேல் இத்தனை பெரிய கோட்பாட்டை ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. பழமைவாத அறிஞர்களிலேயே சிலர் இதைச் சொல்கிறார்கள்.

இன்னொரு நெருடல், மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ். அதன் ஆளுநர்களுக்கு 14 ஆண்டுப் பதவி. வேறு வாரியங்களின் உறுப்பினர்களை நீக்க அதிபருக்கு இடைக்காலமாக வழிவிட்ட 2025 மே மாத ஆணையில், அந்த வங்கி தனித்தன்மை கொண்ட, பாதி தனியார் அமைப்பு என்று நீதிமன்றம் ஒதுக்கி வைத்தது. அதிகாரம் முழுவதும் ஒருவருக்கே என்றால், வட்டி விகிதத்தை முடிவுசெய்பவர்கள் மட்டும் எப்படி வெளியே நிற்கிறார்கள் என்பதற்கு அந்தச் சில வரிகள் போதாது.