பேரை டைப் பண்ணினா உருமாறுற ஃபான்ட்: ஸாஃபினோ

[திரையில்: மேக், டெக்ஸ்ட்எடிட், வெறும் பக்கம்]

மேக் வச்சிருக்கவங்க, அதுல டைப் பண்ற ஆப் டெக்ஸ்ட்எடிட்டைத் திறங்க. ஃபான்ட் ஸாஃபினோ, சைஸ் 48. இப்போ அந்த ஃபான்ட்டோட பேரையே ஆங்கிலத்துல (Zapfino) அடிங்க, முதல் எழுத்து மட்டும் கேப்பிடல். கடைசி 'ஓ' விழுந்ததும் பார்த்தீங்களா? ஏழு எழுத்தும் சேர்ந்து ஒரே சித்திரம்! பேக்ஸ்பேஸ் ஒரு தட்டு, மறுபடி தனித்தனி எழுத்து. வேலை நேரத்துல இதை ஆரம்பிக்காதீங்க, அரை மணி நேரம் போயிடும்.

வரலாறு சுருக்கமா: வரைஞ்சவர் ஜெர்மனியோட ஹெர்மன் ஸாஃப். ஸ்கெட்ச் புக்ல எழுதிப் பார்த்தது 1944-ல, லினோடைப்ங்கிற ஃபான்ட் கம்பெனி வெளியிட்டது 1998-ல.

நடுவுல 54 வருஷம் ஏன்? ஈய அச்சுல ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டை மேல உட்கார்ந்திருக்கும். பஸ்ல 'கை, தலையை வெளியே நீட்டாதீர்'னு இருக்கும்ல, அச்சு எழுத்துக்கும் அதே சட்டம்தான். மீறி நீட்டின வால் உடைஞ்சுடும். ஸாஃபினோவுல வால்தானே அழகு! 'எஃப்'போட கொக்கி பக்கத்து எழுத்துக்கு மேல போகும், 'ஒய்'யோட வால் ரெண்டு எழுத்துக்குக் கீழ ஓடும். கம்ப்யூட்டர்ல கட்டையே கிடையாது. அதோட ஒரே எழுத்துக்குப் பல வடிவம். பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னு பார்த்து ஃபான்ட்டே மாத்திக்கும். கையெழுத்து மாதிரி தெரியுறதோட ரகசியம் இதுதான்.

இனி டிசைன் பண்றவங்களுக்கு.

பத்திரிகையில மணமக்கள் பேரு, சான்றிதழ் தலைப்பு, மெனு அட்டை: தாராளமா வைக்கலாம். மண்டப முகவரியும் போன் நம்பரும் இதுல வேண்டாம், தாத்தா பாட்டி படிக்கணும்.

முழுப் பேரையும் கேப்பிடல்ல போட்டா வளைவுகள் ஒண்ணோட ஒண்ணு மோதி, என்ன பேருன்னே தெரியாது. டிராக்கிங், அதாவது எழுத்துக்கு நடுவுல விடுற இடைவெளி, 0-வுல இருக்கட்டும். இடைவெளி கூட்டினா கூட்டெழுத்து பிரிஞ்சு, இணைப்புக் கோடு அந்தரத்துல தொங்கும். 12 பாயிண்ட்னு வச்சாலும் ஒரு வரி கிட்டத்தட்ட 40 பாயிண்ட் உயரம் பிடிக்கும். டெக்ஸ்ட் பாக்ஸை இறுக்கிட்டு 'வால் வெட்டுது'ன்னு கமென்ட்ல திட்டாதீங்க.

பெரிய ஆபத்து மெல்லிய கோடு. ஆஃப்செட் அச்சுல 0.25 பாயிண்டுக்குக் கீழ போனா கோடு விட்டு விட்டு விழும். கறுப்புப் பின்னணியில வெள்ளை எழுத்துன்னா 0.5-ஆவது வேணும், இல்லன்னா சுத்தியிருக்க மை உள்ள பரவி அடைச்சுடும். அந்தப் பின்னணியும் ஒரே மையா இருக்கட்டும். நாலு கலர் கலந்தா, ரெஜிஸ்ட்ரேஷன் (ஒரு கலர் மேல இன்னொண்ணு சரியா விழுறது) ஒரு முடி தள்ளினாலே மெல்லிய கோடு காணாமப் போயிடும்.

இதுல தமிழ் எழுத்து கிடையாது. தமிழ்ப் பேருக்கு வேற ஃபான்ட் நீங்களே தேர்ந்தெடுங்க, சிஸ்டம் கொடுக்கிறதை அப்படியே விட்டா ஒட்டவே ஒட்டாது. பிரஸ்ஸுக்கு அனுப்புற ஃபைல்ல எழுத்தை கர்வ்ஸா, அதாவது வெறும் வடிவமா, மாத்திட்டு, எழுத்துப்பிழை பார்க்கிற காப்பியை மட்டும் மாத்தாம தனியா வச்சுக்கோங்க.