ஐசியூவில் பரவுவது கிருமி மட்டுமல்ல

அனைவருக்கும் வணக்கம். ஐசியூ நோயாளி ஒருவருக்கு வந்த தொற்று மெரோபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக் கேட்கவில்லை என்றால், இரண்டில் ஒன்று நடந்திருக்கும். கிருமியின் எதிர்ப்புத் திறன் அவர் உடம்பிலேயே உருவாகியிருக்கும்; இல்லையென்றால் வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மருந்தும் தப்பாகும், தடுப்பும் தப்பாகும்.

முதல் வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வென்டிலேட்டரில் இருப்பவரின் நுரையீரலில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா கோடிக்கணக்கில் பெருகியிருக்கலாம். மெரோபெனெமின் வகையைச் சேர்ந்த இமிபெனெம் அதற்குள் நுழைவது ஓபிஆர்-டி என்ற புரதத் துளை வழியாக. கோடியில் ஒன்றிரண்டில் அந்த மரபணு தற்செயலாகக் கெட்டிருக்கும், துளை இருக்காது. மருந்து மற்றவற்றைக் கொன்று, அந்த ஒன்றிரண்டுக்கு இடம் விட்டுக்கொடுக்கிறது. மாற்றத்தை மருந்து உண்டாக்கவில்லை, பொறுக்கி எடுக்கிறது.

கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கிலும் இதே கதைதான். கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவில் எம்ஜிஆர்-பி என்று ஒரு மரபணு உண்டு. சிரிக்காதீர்கள், பெயரே அதுதான். கிருமி தன் வெளிச்சவ்வை மாற்றிக்கொள்ளாமல் தடுக்கும் ஒரு பிரேக் அது. டிஎன்ஏவில் இடம் மாறித் திரியும் துண்டு ஒன்று அதன் நடுவில் போய் உட்கார்ந்தால் பிரேக் போய்விடும். அப்புறம் கிருமி தன் வெளிச்சவ்வின் எதிர்மின்னூட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. கொலிஸ்டினோ நேர்மின்னூட்டம் கொண்டது. சரியாக ஒட்ட முடியாமல் போகிறது.

இரண்டாவது வகைதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. மருந்தை உடைக்கும் கேபிசி, என்டிஎம் போன்ற நொதிகளின் மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் இருக்கின்றன. குடலுக்குள் கிளெப்சியெல்லா அதன் நகலை ஈகோலை என்ற இன்னொரு பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிடும். இனம் வேறு என்பது தடையே இல்லை. ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்தே பயணிப்பதால், ஒரு மருந்தைக் கொடுத்தால் மற்ற எதிர்ப்புகளும் சேர்ந்து பிழைத்துக்கொள்கின்றன. பிளாஸ்மிட்டில்தான் இப்படிச் சேரும் என்றில்லை. அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவின் ஏஒய்இ என்ற வகையை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள்: அதன் குரோமோசோமில் சுமார் 86,000 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரே பகுதியில் 45 எதிர்ப்பு மரபணுக்கள் குவிந்து கிடந்தன!

2011-இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில், தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனைக்கு கேபிசி நொதி கொண்ட கிளெப்சியெல்லாவோடு ஒரு நோயாளி வந்தார். தெரிந்தேதான் சேர்த்தார்கள், தனிமைப்படுத்தினார்கள். அவர் வீடு திரும்பி மூன்று வாரம் கழித்து இன்னொருவரிடம் அதே கிருமி. மொத்தம் 18 பேர். அதில் 11 பேர் இறந்தார்கள், 6 மரணங்களுக்கு இந்தத் தொற்றே காரணம் என்று முடிவானது. இடைப்பட்ட நாட்களில் கிருமி எங்கே இருந்தது? முழு மரபணுத் தொகுதியையும் படித்தபோது விடை கிடைத்தது. முதல் நோயாளியின் தொண்டையில் இருந்ததற்கும் அவர் உடம்பின் மற்ற இடங்களில் இருந்ததற்கும் சில எழுத்துகள்தான் வித்தியாசம். அந்தச் சில எழுத்துகளை வைத்தே அவரிடமிருந்து ஒரு முறை அல்ல, தனித்தனியாகப் பல முறை பரவியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். காய்ச்சலோ எந்த அறிகுறியோ இல்லாமல் குடலில் சுமந்தவர்கள் சங்கிலியின் நடுவில் இருந்திருக்கிறார்கள். காய்ச்சல் வந்தவருக்கு மட்டும் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, எடுத்துக்கொண்டிருந்தால் இவர்களைப் பிடிக்கவே முடியாது. சேரும்போதே மலக்குடல் ஸ்வாப் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சரி, மரபணுவின் பெயர் தெரிந்து சிகிச்சையில் என்ன ஆகப்போகிறது? நிறைய. செஃப்டசிடிம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்து கேபிசியை அடக்கும், என்டிஎம்மை அடக்காது. என்டிஎம் துத்தநாகத்தை வைத்து மருந்தை உடைக்கிறது. அவிபாக்டமோ கேபிசி போல செரீன் என்ற அமினோ அமிலத்தை வைத்து உடைக்கும் நொதிகளைத்தான் முடக்கும். அஸ்ட்ரியோனாம் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கை என்டிஎம்மால் உடைக்க முடியாது, ஆனால் கூடவே இருக்கும் மற்ற நொதிகள் உடைத்துவிடும். ஆகவே அந்த நொதிகளை முடக்க அவிபாக்டத்தைச் சேர்த்து அஸ்ட்ரியோனாமைக் கொடுக்கிறார்கள்.

இதற்காக மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை மட்டும் போதும் என்று ஓடிவிடாதீர்கள். வழக்கமான பிசிஆர் கேபிசி, என்டிஎம், விஐஎம், ஐஎம்பி, ஆக்ஸா-48 ஆகிய ஐந்து நொதிகளின் மரபணுக்களைத்தான் தேடும். ஐந்தும் இல்லை என்று வந்த சூடோமோனாஸ், ஓபிஆர்-டி உடைந்ததாக இருக்கலாம். அதை அந்தச் சோதனை பார்க்கவே பார்க்காது. கல்ச்சர் தட்டில்தான் தெரியும்.